லாக்லன் வீட்டில்தான் இருக்கிறார்

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர் டிரைஸ்டேல். அந்த நாற்காலியில் ஸ்பிரிங் குத்தும், இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். மன்னிக்க வேண்டும், ஜன்னல் ஓரமாக நான் வரமாட்டேன். அங்கே சிக்னல் பலவீனம். ஜாமீனில் விட்ட அன்று இந்தப் பட்டையை என் கணுக்காலில் மாட்ட வந்தவர்களிடம் சொன்னேன், பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் வைக்காதீர்கள் என்று. கேட்கவில்லை. இதே வேலையைப் பல வருஷம் செய்தவள் நான் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

உங்களை வரச் சொன்னது ஒரே ஒரு வார்த்தைக்காக. லாக்லன் பெய்ட் விஷயத்தில் என்மேல் நீங்கள் போட்டிருக்கும் குற்றச்சாட்டில் "கவனக்குறைவு" என்று இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெட்டா கார்ஸ்வெல்லைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். பிடிவாதக்காரி என்பார்கள், சிடுமூஞ்சி என்பார்கள், அலுவலகத்தில் கேக் வெட்டினால் பெரிய துண்டை எடுத்துக்கொள்பவள் என்றுகூடச் சொல்வார்கள். மறதிக்காரி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அந்த வார்த்தையை மாற்றிவிடுங்கள்.

எங்கள் வேலை சிக்கலானது இல்லை. நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம்வரை வீட்டை விட்டு வெளியே வராதே என்று உத்தரவு போடும். நாங்கள் போய்க் காலில் பட்டையை மாட்டி, வீட்டில் பெட்டியை வைப்போம். பட்டை பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும்வரை எங்கள் திரையில் அவர் பெயருக்கு நேரே பச்சை விளக்கு எரியும். விலகினால் சிவப்பு. பெட்டியிலேயே ஒரு தொலைபேசியும் ஒலிபெருக்கியும் உண்டு. அவர் எடுத்தால் எங்களுக்கு வரும், நாங்கள் இணைப்பைத் திறந்து பேசினால் அவர் வீடு முழுக்கக் கேட்கும், அங்கே எழும் சத்தமும் எங்களுக்குக் கேட்கும். வெளியே கிரீனாக் ஊர் முழுக்க மழை கொட்டும்போது, வரிசையாகப் பச்சை எரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், யாரும் நனையவில்லை.

லாக்லன் ஒரு சீஸ் திருடர். பெரிய கோட்டின் உள்பைகளில் செடார் சீஸ் கட்டிகளை அடுக்கிக்கொண்டு கடையிலிருந்து வெளியே நடந்து, மதுக்கடைகளில் பாதி விலைக்கு விற்பார். ஊரில் பாதிப் பேர் வீட்டு டோஸ்ட்டில் உருகியது அவருடைய சீஸ்தான். உங்கள் காவல் நிலையத்து கேன்டீனிலும்கூட, சரி, அது எதற்கு இப்போது. நீதிபதி நன்றாக யோசித்து, கடைகள் திறந்திருக்கும் நேரமெல்லாம் லாக்லன் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை. மற்றவர்களையெல்லாம் ராத்திரியில் அடைத்துப் பகலில் விடுவோம். இவர் மட்டும் வௌவால் மாதிரி.

பட்டை மாட்ட நான்தான் போனேன். மாட்டியதும் நடைச் சோதனை என்று ஒன்று செய்ய வேண்டும். வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் அவரை நடக்கச் சொல்லி, எல்லா இடத்திலும் பச்சை எரிகிறதா என்று பார்ப்போம்.

"படுக்கை அறைக்குப் போங்க."

"மொதல்ல ஒரு டீயாவது குடிக்கலாமே, கண்ணு."

"இப்ப கழிப்பறைக்குப் போங்க."

"இப்ப வரலையே."

"போய் நின்னா போதும்."

"இத்தன வயசுக்கு மேல ஒரு பொம்பள சொல்லி கக்கூசுல போய் சும்மா நிக்கிறேன். எங்கம்மா பாத்திருந்தா, பையன் திருந்திட்டான்னு அழுதிருப்பா."

நான் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காத ஆளிடம் நான் இவ்வளவு அக்கறை எடுத்திருக்க மாட்டேன்.

எல்லை அவர் வீட்டு வாசல் கதவோடு முடிந்தது. வெளியே படிக்கட்டு. அங்கேதான் முதலில் வினை வந்தது. அந்தப் பழைய குடியிருப்புகளில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். படிக்கட்டு கழுவுவது வீட்டுக்கு வீடு முறை. முறை அட்டை உங்கள் கதவுக் கைப்பிடியில் தொங்கினால் அந்த வாரம் வாளியும் துடைப்பமும் உங்கள் பொறுப்பு. கழுவி முடித்துவிட்டு அட்டையை அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்ட வேண்டும். லாக்லனின் கீழ் வீட்டில் இருந்தவள் இசா டானக். கொலைக் குற்றத்தை மன்னித்தாலும் மன்னிப்பாள், கழுவாத படியை மன்னிக்கமாட்டாள்.

"யோவ், ஒன் மொற வந்து ஒரு வாரம் ஆச்சு. கால்ல கொலுசு போட்டுக்கிட்டா கை வேல செய்யாதா?"

"அம்மா தாயே, எட்டு மணிக்கு மேல கழுவுறேன்."

"எட்டு மணிக்கு மேல கழுவுனா தண்ணி காயாது, நான் வழுக்கி விழுந்து சாவணுமா?"

லாக்லன் வாளியோடு மூன்று படி இறங்கினார். சிவப்பு. அதற்கு முந்தின வாரம் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போய் ஒரு சிவப்பு வாங்கியிருந்தார். இரண்டு மீறல் ஆகிவிட்டது. மூன்றாவது என்றால் நேராகச் சிறைதான் என்று நீதிபதியிடமிருந்து எச்சரிக்கை வந்தது. லாக்லன் ஒரு குளிர்காலம் சிறையில் இருந்தவர். அதைப் பற்றி வேடிக்கையாகப் பேசமாட்டார், அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும். அதோடு அபர்டீனில் இருக்கும் அவர் மகள் ஷீனா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பட்டையை ஒழுங்காக முடித்தால் கோடையில் கப்பலில் மில்போர்ட் கடற்கரைக்கு அவரையும் கூட்டிப்போவதாகவும், மறுபடி ஜெயிலுக்குப் போனால் பேத்தியைக் கண்ணில் காட்டப்போவதில்லை என்றும். பேத்திக்கு இரண்டு வயது. அவர் இன்னும் தூக்கியதில்லை.

அன்றிலிருந்து லாக்லன் எதற்கும் என்னைக் கேட்காமல் அசையமாட்டார். பெட்டித் தொலைபேசி மணி அடித்தாலே எங்கள் அறையில், "நெட்டா, ஒன் வீட்டுக்காரர்" என்பார்கள்.

"கண்ணு, தபால்காரன் கதவத் தட்டுறான். கைய மட்டும் வெளிய நீட்டலாமா?"

"நீட்டலாம்."

"மொழங்கை வரைக்குமா, தோள் வரைக்குமா?"

இந்தச் சமயத்தில்தான் டாக்டர் ராட்ரே வந்தார். மருத்துவர் இல்லை, எடின்பரோவிலிருந்து பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர். பட்டை மாட்டியவர்கள் எவ்வளவு தூரம் கீழ்ப்படிகிறார்கள், அதை எப்படி அளப்பது என்று மதிப்பீடு செய்ய அரசாங்கம் அனுப்பியிருந்தது. நல்ல மனிதர். வீட்டுக்குள்ளும் கழுத்துத் துண்டைக் கழற்றாதவர். எங்கள் கணக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நெட்டா, இந்தப் பச்சை எதைக் காட்டுது?"

"ஆள் வீட்டுல இருக்கார்னு காட்டுது."

"பட்டை வீட்டுல இருக்குன்னு காட்டுது. அவர் கீழ்ப்படியறாரா, இல்ல சும்மா உக்காந்திருக்காரான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வெளிய போக ஆசையே இல்லாதவன் வீட்டுல இருந்தா அது கீழ்ப்படிதல் இல்லையே. சோம்பேறித்தனம். போகணும்னு துடிக்கிறவன் போகாம இருந்தாத்தான் அளக்கறதுக்கு ஒண்ணு இருக்கு."

இத்தனை வருஷமாக நான் பார்த்து நிம்மதிப்பட்ட பச்சைக்கு அர்த்தமே இல்லை என்று ஒருவர் என் காபியைக் குடித்துக்கொண்டே சொல்கிறார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்குப் போய் யோசிக்க யோசிக்க நியாயம் கூடிக்கொண்டே போனது. ஆகவே மதிப்பீட்டுக்கு உதவுவது என்று முடிவு செய்தேன். அவரிடம் கேட்கவில்லை. படித்தவர்களிடம் கேட்டால் ஒரு குழு போட்டுவிடுவார்கள்.

முதலில் சீஸ் வாங்கினேன். முதிர்ந்த செடார், நல்ல பெரிய கட்டி. லாக்லன் வீட்டு வாசலிலிருந்து கை நீட்டினாலும் எட்டாத இடத்தில், மாடிப்படித் திருப்பத்தில் வைத்துவிட்டு, அவர் கதவில் இருந்த தபால் துவாரத்தை லேசாகத் தட்டிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன். நான் கோட்டைக் கழற்றுவதற்குள் மணி அடித்தது.

"கண்ணு, ஒரு விஷயம். எங்க படிக்கட்டுல ஒரு சீஸ் ஒக்காந்திருக்கு."

"அப்படியா?"

"தனியா. யாருமில்ல பக்கத்துல. என்னையே பாக்குது."

"நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா, இல்ல நெசமாவே இருக்கான்னு தெரியல. அதான் ஒன்னக் கேக்குறேன். இருந்தா எடுக்கலாமா?"

"கூடாது, லாக்லன்."

அவர் பெருமூச்சு விட்டது பெட்டி வழியாகத் தெளிவாகக் கேட்டது. மதியம்வரை தபால் துவாரத்தின் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததாக அப்புறம் சொன்னார். பிறகு இசா டானக் வந்து, படிக்கட்டில் சாப்பாட்டுப் பொருளைப் போட்டு வைத்திருப்பதாக அவரை வாயில் வந்தபடி திட்டிவிட்டு, சீஸைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். திரை முழு நேரமும் பச்சை. முதல் முறையாக எனக்கு அந்தப் பச்சையின் அர்த்தம் தெரிந்தது. ராட்ரேயிடம் போய், சீஸ் எப்படி அங்கே வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. லாக்லனைத் தன் அறிக்கையின் முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார். மேற்கொண்டு மீறல் எதுவும் வராமல் இருந்தால்.

அடுத்து சமையலறை. அடுப்புப் பக்கம் சிக்னல் சரியில்லை, பகலில் அங்கே போகாதீர்கள் என்று சொன்னேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. லாக்லன் காலை எட்டு மணிக்கு முன்னாலேயே ரொட்டியைத் தடவி வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு படுக்கை அறையை எடுத்துவிட்டேன். பிறகு ஜன்னல் ஓரத்தை. கடைசியில் மிஞ்சியது ஒரு நாற்காலியும், அதிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியும். கழிப்பறையில் நான் கை வைக்கவில்லை, இன்ஸ்பெக்டர். இரக்கமில்லாதவள் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது.

"இன்னும் கொஞ்ச நாள் போனா என்னைய என் கோட்டுப் பைக்குள்ளயே ஒக்காரச் சொல்லுவ போலிருக்கே, கண்ணு."

"கஷ்டமா இருக்கா?"

"எங்க கஷ்டம். கப்பல்ல போற மாதிரி நெனச்சுக்கறேன். மில்போர்ட்டுக்குப் போற கப்பல்தான், கொஞ்சம் மெதுவாப் போவுது. எறங்குனதும் புள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரணும். காசு குடுத்தே வாங்குவேன், நீ கவலப்படாத."

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ராட்ரேயின் மதிப்பீட்டுக் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிவதாக இருந்தது. மதியம், நல்ல மழை. நான் அறையில் தனியாக இருந்தேன், மற்றவர்கள் பக்கத்து அறையில் ஒருவருடைய பிறந்தநாளுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. பின்னணியில் அவர் வீட்டு ரேடியோவில் கால்பந்து வர்ணனை ஓடியது.

"கண்ணு, நெஞ்சுல என்னமோ ஒக்காந்திருக்கு."

"சீஸா?"

"இல்லம்மா, வெளயாட்டு இல்ல. இடது கை மரத்துப் போச்சு. வேத்துக் கொட்டுது. எதுத்தாப்ல டாக்டரு இருக்காரு, ரோட்டத் தாண்டுனா ஆச்சு. போயிட்டு வந்துரட்டுமா?"

அவருக்கு நேர் எதிரே மருத்துவர் இருப்பது எனக்குத் தெரியும். உடம்புக்கு முடியாமல் வெளியே போவது சட்டப்படி மீறல் ஆகாது என்பதும் தெரியும். காரணத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் திரையில் சிவப்பு விழும், இன்ஸ்பெக்டர். காரணம் எழுதிய சிவப்பும் சிவப்புதான். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

"எட்டு மணி ஆகட்டும், லாக்லன்" என்றேன்.

"அது வரைக்கும் தாங்குமான்னு தெரியலயே. ஆம்புலன்ஸக் கூப்புடவா?"

"நீங்க உக்காருங்க. நான் கூப்பிடுறேன்."

"கூப்புடுவேல்ல?"

"என்னைக்காவது நான் மறந்திருக்கேனா?"

"இல்ல, நீ மறக்கமாட்ட" என்றார். அவர் சொன்னதைத்தான் நான் இப்போது உங்களிடமும் சொல்கிறேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு முழுக்க நினைவிருந்தது. தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அடுத்த அறையிலிருந்து கேக் வந்தது, சாப்பிட்டேன், அப்போதும் நினைவிருந்தது. எட்டு மணிக்குக் கூப்பிடலாம் என்று இருந்தேன்.

எட்டு மணி ஆனது. நான் திரையைப் பார்த்தேன். அவருக்கு இப்போது முழுச் சுதந்திரம். மருத்துவரிடம் போகலாம், மதுக்கடைக்குப் போகலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். பச்சை அசையவில்லை. ஒன்பது மணிக்கும் பச்சை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. போ என்று விட்ட பிறகும் போகாமல் இருக்கிறார். ராட்ரே தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று எனக்குப் பட்டது. இதில் ஆம்புலன்ஸை அனுப்பி யாராவது கெடுப்பார்களா?

புதன், வியாழன், வெள்ளி, பகலும் பச்சை, இரவும் பச்சை. மணியும் அடிக்கவில்லை. எதற்கும் அனுமதி கேட்கும் அவசியமே அவருக்கு இல்லாமல் போய்விட்டது. ராட்ரே என் பக்கத்தில் நின்று அந்த நீளமான பச்சைக் கோட்டைப் பார்த்தார். கழுத்துத் துண்டைக் கழற்றினார், முதல் தடவையாக.

"இது உத்தரவுக்கும் மேலான கீழ்ப்படிதல், நெட்டா. இப்படி ஒரு வகையே நம்ம அட்டவணையில இல்ல. புதுசா சேக்கணும்."

"அவர்கிட்ட நேர்ல பேசணும்னீங்களே?"

"வேண்டாம். நாம போய்ப் பேசினா அது அவரைப் பாதிச்சிடும்."

சரியான விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் எடின்பரோவில் ஒரு கூட்டத்தில் அவர் லாக்லனைப் பற்றிப் பேசி, எல்லோரும் கைதட்டினார்களாம். எங்கள் மேலதிகாரி எனக்குப் பூங்கொத்து கொடுத்தார். லாக்லனைப் போல நாலு பேர் இருந்தால் சிறைகளையே மூடிவிடலாம் என்று அவர் பேசியபோது எனக்குக் கண் கலங்கியது.

இடையே இரண்டு தொலைபேசி அழைப்புகள். ஒன்று இசா டானக்.

"ஏம்மா, அந்த ஆளு ஊர்ல இருக்கானா இல்லயா? மொற அட்டய மாட்டி எத்தன நாளாச்சு, அப்படியே தொங்குது. படிக்கட்டெல்லாம் நாறுது."

"அவர் வீட்டில்தான் இருக்கார், மிசஸ் டானக். எனக்குத் தெரியுது."

"வீட்டுல இருந்தா படியக் கழுவச் சொல்லு. பிளீச் ஊத்திக் கழுவுனாலும் நாத்தம் போவல, எம் பங்குக்கு நான் ரெண்டு தடவ ஊத்திட்டேன்."

"நான் சொல்றேன்."

இன்னொன்று ஷீனா. அப்பா தொலைபேசியை எடுக்கவில்லை என்றாள். அவர் வீட்டில்தான் இருக்கிறார், ஒரு மீறல்கூட இல்லை, நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்றேன். "நெஜமாவா? அப்பாவா? நான்தான் அவரை ரொம்ப மெரட்டிட்டேன், பாவம்" என்று சொல்லி அழுதுவிட்டாள். அதைக் கேட்டு எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

உத்தரவு முடிந்த நாள் காலையில் பட்டையை வெட்டி எடுக்க நானே போனேன். வாசலில் ஷீனாவின் கார், பின்னால் மடக்கு நாற்காலிகளும் குழந்தையின் வாளியும் மண்வெட்டியும். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு மஞ்சள் தொப்பி. கைப்பிடியில் முறை அட்டை. இசா டானக் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியோடு மேலே வந்தாள். கதவு திறந்தது.

லாக்லன் நாற்காலியில்தான் இருந்தார். நான் சொன்ன இடத்தில். ரேடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஷீனா குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். இசா டானக் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள், கழுவாத படியில், அதையும் பார்த்தேன். அந்தக் களேபரத்தில் யாராவது ஒருவர் நிதானமாக இருக்க வேண்டுமே. நான் மண்டியிட்டு என் வேலையைச் செய்தேன். கால் வீங்கியிருந்ததால் பட்டையை வெட்டச் சற்று நேரம் பிடித்தது. பெட்டியையும் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். போகும்போது ஷீனாவிடம், உங்கள் அப்பா முழுமையாக முடித்துவிட்டார் என்று சொன்னேன். அவள் என்னை அறைந்தாள். அதைப் புகார் செய்யப்போவதில்லை, துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான்.

இதுதான் நீங்கள் அறிந்த கதை. அழைப்புப் பதிவைக் கேட்டுவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் பிறந்தநாள் சத்தத்தில் மறந்துபோனாள் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். ராட்ரேகூட அப்படித்தான் சாட்சி சொல்லியிருக்கிறார், எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு. இல்லை. இன்னும் ஒன்று இருக்கிறது. அது பதிவில் இருக்காது, நான் அழித்துவிட்டேன்.

அவர் தொலைபேசியை வைத்துக் கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்பு விழுந்தது. லாக்லன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். கதவு திறந்தே இருந்ததால் அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்குவது பெட்டிக்கு எட்டியது. நான் ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்துப் பேசினேன்.

"லாக்லன், நீங்க வெளிய இருக்கீங்க."

"ரெண்டே நிமிஷம் கண்ணு. தோ, எதுத்தாப்லதான். வெளக்கு தெரியுது."

"இது மூணாவது."

ஒரு படி இறங்குகிற சத்தம் கேட்டது.

"மில்போர்ட், லாக்லன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை.

பிறகு அந்தப் படியில் திரும்ப ஏறினார். ரொம்ப மெதுவாக. கதவைச் சாத்தினார், சாவி போட்டுப் பூட்டவும் செய்தார், அது நான் சொல்லாதது. திரை பச்சைக்குத் திரும்பியது. நாற்காலி கிறீச்சிட்டது. "கூப்டுட்டியா, கண்ணு?" என்று கேட்டார். "கூப்பிட்டாச்சு" என்றேன். அதற்குப் பிறகு வர்ணனைதான் கேட்டது. யாரோ கோல் போட்டார்கள். அவர் மூச்சு நிற்கும்வரை நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை, அந்த மாதிரி நேரத்தில் ஒருவரைத் தனியாக விடக்கூடாது என்பதற்காக.

பிற்பாடு அந்தச் சிவப்பை அழித்தேன். அது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கணக்கைத் திருத்துவது இந்தத் தொழிலில் செய்யக்கூடாத காரியம். அந்த ஒன்றுக்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது. மற்றபடி கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். அவ்வளவு கவனமாக ஒருவரை நான் அதற்கு முன்னால் பார்த்துக்கொண்டதே இல்லை.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். தேநீரைத் தொடவே இல்லையே. கொலை என்கிறீர்களா? சரி, அந்த வார்த்தையில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. யோசித்துச் செய்தது என்றாவது ஆகிறது. இல்லை, கையை விடுங்கள், ஓட மாட்டேன். கோட்டை எடுத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள், கோட்டு வாசல் பக்கம் மாட்டியிருக்கிறது, அங்கே சிக்னல் இருக்காது. எனக்குப் பட்டை மாட்டிய நாளிலிருந்து ஒரு மீறல்கூட இல்லை, கேட்டுப் பாருங்கள். எனக்கும் எட்டு மணிவரைதான். கண்டிப்பாக வருகிறேன், இன்ஸ்பெக்டர். எட்டு மணி ஆகட்டும்.